குண்டு 54, கப்ளர் 43: ஒரு படகு டிரெய்லரின் நிகழ்வு ஆய்வு

வைகாசிக் கடைசி. கச்சான் காற்று பிடித்துவிட்டது. தென்கடலில் அலை எழும்பத் தொடங்கினால் எங்கள் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்கள் பலர் வடகடலுக்கு மாறுவார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கெட்டுப்போனால் மறுபடி தென்கடல். வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர், மூக்கையூரில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் வைத்திருந்த தன் ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி, சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம் வழியாக ஊருக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். உச்சிப்புளிக்குச் சற்று முன்னால் நேர்ச்சாலை. வேகம் 55-ஐத் தாண்டவில்லை என்கிறார். எதிரே வந்த பேருந்து காற்றை அடித்துவிட்டுப் போனதும் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. முதல் ஆட்டம் சின்னது, இரண்டாவது பெரியது, மூன்றாவதில் காரின் பின்பக்கத்தையே இழுத்தது.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன் தம்பி. ஸ்டியரிங்க நேரா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். வேற ஒண்ணும் செய்யல" என்றார். செய்ய வேண்டியதும் அதுதான். பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தாலோ, ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடித்திருந்தாலோ படகு ஓடைக்குள் கிடந்திருக்கும். வேகம் இறங்கி ஆட்டம் அடங்கியது. ஆனால் அங்கிருந்து கால் கிலோமீட்டர் போவதற்குள் டிரெய்லரின் பின் அச்சில் இடப்பக்க டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊர்ந்தபடியே உச்சிப்புளியில் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

டயர் மட்டமான டயர் என்று அவர் நினைத்தார். அவரோடு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு உறுத்தியது வேறு. கார் பின்னால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. படகின் அணியம், அதாவது முன்முனை, எப்போதுமே உயர்ந்துதான் இருக்கும் என்பதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியாது. படகை விட்டுவிட்டு டிரெய்லரின் சட்டத்தை மட்டும் பார்த்தால்தான் சாய்வு தெரியும்.

முன்கதை

டிரெய்லர் பழையது. கீழக்கரைப் பக்கம் ஒருவரிடம் வாங்கியது. அவர் அதைத் தாழ்வான ஒரு காரில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார், அந்தக் காருக்கு அளவெடுத்துத்தான் டிரெய்லர் அடிக்கப்பட்டது. நம் அண்ணனிடம் இருப்பதோ சேஸிஸ் வைத்த உயரமான எஸ்யூவி. போதாததற்கு, மணலில் இறங்க வசதியாக இருக்கட்டும் என்று பின் கமான் பட்டையில், அதாவது தகட்டு ஸ்பிரிங்கில், ஒரு தகடு கூட்டியிருக்கிறார். காருக்கு டோ பார், அதாவது டிரெய்லரை இழுக்கும் இழுவைக் கம்பி, போட்டது வேறொரு பட்டறை. அங்கே சேஸிஸ் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே பிளேட்டை வைத்து, அதன்மேல் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். டிரெய்லர் அப்போது அங்கே இல்லை. அதைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

முதல் பயணம் போன ஐப்பசியில், தங்கச்சிமடத்திலிருந்து மூக்கையூருக்கு. அப்போது ஆட்டம் எதுவும் இல்லை. ஆனால் காரின் பின்பக்கம் நன்றாக அமுங்கியிருக்கிறது. இரவில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லி அடித்துக் காட்டியிருக்கின்றன. தாழ்த்தித்தான் இருந்தது, காரின் முகம்தான் தூக்கியிருந்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்றும் சொன்னார். கீழக்கரை தாண்டி நிறுத்திப் பார்த்தபோது டிரெய்லரின் பின் டயர் இரண்டும் கை வைக்க முடியாத சூடு. ஒன்றில் பக்கவாட்டில் கொப்புளம் வேறு. முன் டயர்கள் சாதாரணமாக இருந்தன.

இந்த அறிகுறிகளைக் கேட்ட ஒருவர் சொன்ன வைத்தியம்: "முன்பாரம் அதிகம், படகைப் பின்னால் தள்ளு." மாட்டுவண்டி பார்த்த ஊரில் யாரும் இதைத்தான் சொல்வார்கள். வண்டியில் முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பும். கார் அமுங்குகிறது என்றால் முன்பாரம்தானே? அண்ணன், படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் தூணைக் கழற்றி 30 செ.மீ. பின்னால் தள்ளிப் போட்டார். அதற்குத் தக்கபடி படகும் பின்னால் போனது. காரின் பின்பக்கம் நிமிர்ந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்துத்தான் வைகாசியில் கிளம்பியிருக்கிறார்.

அளந்தது

முதலில் மட்டமான தரை வேண்டும். எங்கள் பக்கம் அது எளிதில் கிடைக்காது. பட்டறை வாசலே மணல்மேடு. பக்கத்து எடை மேடையின் சிமெண்டுத் தளத்தைக் கேட்டு வாங்கினோம். கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயை நான்கு மூலையிலும் பிடித்துத் தளம் மட்டம்தான் என்று உறுதி செய்துகொண்டோம்.

அடுத்து கார். காலிக் காரில் குண்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 செ.மீ. நடுப்புள்ளி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டேப்பைத் தரையில் ஊன்றினால் கை தானாகக் குண்டின் உச்சிக்குத்தான் போகும். 50 மி.மீ. குண்டில் உச்சிக்கும் நடுவுக்கும் 2.5 செ.மீ. வித்தியாசம். டிரெய்லர் பக்கம், குண்டைக் கவ்விப் பூட்டும் கப்ளரின் அடி விளிம்பை ஒருவர் அளப்பார், இன்னொருவர் மேல் விளிம்பை அளப்பார். இரண்டு பக்கமும் தவறினால் 5 செ.மீ. வரை காணாமல் போய்விடும்.

காலிக் காரை அளந்து பயனில்லை. அவர் எப்படிப் பயணம் போவாரோ அப்படியே ஏற்றச் சொன்னேன்: பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் வலை மூட்டை, எரிபொருள் கேன்கள், டூல் பாக்ஸ். படகை ஐப்பசியில் இருந்த பழைய இடத்துக்கே கொண்டுவந்து, டிரெய்லரையும் மாட்டிய பிறகு அளந்தால் குண்டு 54. படகு 30 செ.மீ. பின்னால் இருக்கும் நிலையில் 55.

டிரெய்லரைத் தனியே நிறுத்தி, படகோடும் எஞ்சினோடும், சட்டத்தின் முன் முனையும் பின் முனையும் தரையிலிருந்து ஒரே உயரம் வரும்வரை ஜாக்கியால் மூக்கை இறக்கினோம். அப்போது கப்ளரின் நடு 43 செ.மீ.

ஆக, 11 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "இத்தனூண்டு உசரத்துக்கா டயர் வெடிக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எடையும் பார்த்தோம்.

கப்ளர் குண்டின்மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் இங்கே முன்பாரம் என்கிறேன். அதை நிறுக்க, பக்கத்து மீன் கம்பெனியிலிருந்து பெட்டி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைத் தூக்கி வந்தோம். தட்டில் காய்ந்த சூடைச் செதில் அப்பியிருந்தது. அதைத் துடைத்து, தட்டின்மேல் பனங்கட்டைத் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, கப்ளரை அதன்மேல் இறக்கினோம். கட்டையின் நீளத்தையும் தராசுக்கு அடியில் வைக்கும் செங்கலையும் மாற்றி மாற்றி, கப்ளரின் நடு நாம் விரும்பும் உயரத்துக்கு வரும்படி செய்தோம். டிரெய்லரின் சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கட்டை சறுக்கினால் கால் போய்விடும்.

படகு பின்னால் தள்ளிய நிலை, உயரம் 55: தராசு 46 கிலோ காட்டியது. அதே நிலையில் 43-க்கு இறக்கினோம். எண் சரசரவென்று இறங்கி 14-இல் நின்றது. பட்டறைப் பையன் தராசு கெட்டுவிட்டது என்று அணைத்துப் போட்டான். மறுபடியும் 14. ஒரு கையால் கப்ளரைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது. ஏறத்தாழ 1,240 கிலோ எடையுள்ள டிரெய்லரின் மூக்கு அது.

பிறகு படகைப் பழைய இடத்துக்கு முன்னால் இழுத்தோம். 43-இல் 85 கிலோ. 54-க்கு உயர்த்தினால் 114.

எடை மேடையில் ஒவ்வொரு அச்சாக நிறுத்தியும் பார்த்தோம், காரோடு மாட்டிய நிலையில். படகு பழைய இடத்தில், குண்டு 54: முன் அச்சில் 405, பின் அச்சில் 720. படகு பின்னால் தள்ளிய நிலையில், குண்டு 55: முன் அச்சு 430, பின் அச்சு 765.

ஏன் அப்படி

இந்த டிரெய்லரில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிக் கமான் பட்டை. முன் பட்டையையும் பின் பட்டையையும் இணைத்துப் பாரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஈக்வலைசர், அதாவது நடுவில் ஆடும் கட்டை, இதில் கிடையாது. கப்ளரிலிருந்து இரண்டு அச்சுக்கும் நடு வரை 3.6 மீட்டர். அச்சுக்கு அச்சு 85 செ.மீ.

மூக்கை 11 செ.மீ. தூக்கினால், 85 செ.மீ. இடைவெளியில் அந்தச் சாய்வு 2.6 செ.மீ. ஆகும். முன் அச்சின் பட்டை 1.3 செ.மீ. விரிகிறது, பின் அச்சின் பட்டை 1.3 செ.மீ. நசுங்குகிறது. கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் பட்டை எவ்வளவு கடினம் என்று பார்க்க வேண்டும். டிரெய்லர் நடுவில் நான்கு மூட்டை சிமெண்டு, அதாவது 200 கிலோ, கூடுதலாக வைத்தபோது சட்டம் 8 மி.மீ. இறங்கியது. பட்டையும் டயரும் சேர்ந்து, ஒரு அச்சுக்கு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. 13 மி.மீ. என்றால் 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பின் அச்சுக்கு அவ்வளவு ஏறும், முன் அச்சில் அவ்வளவு இறங்கும்.

எடை மேடையும் ஏறத்தாழ அதையே சொன்னது. பிறகு எல்லாவற்றையும் சரிசெய்து மட்டமாக நிற்கவைத்து எடை பார்த்தபோது முன் அச்சு 575, பின் அச்சு 580, முன்பாரம் 85 என்று வந்தது. அதோடு ஒப்பிட்டால், மூக்கு தூக்கிய நிலையில் முன் அச்சு இழந்தது 170 கிலோ. அதில் 140 பின் அச்சின் தலையிலும் மீதி 30 குண்டின் தலையிலும் விழுந்திருக்கிறது.

குண்டின் தலையில் விழுந்த அந்த 30-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பரவலாக ஒரு பேச்சு உண்டு: குண்டு உயர்ந்தால் முன்பாரம் குறையும், டிரெய்லர் ஆடும் என்று. ஒற்றை அச்சு டிரெய்லருக்கு அது உண்மை. மூக்கு தூக்கினால் மேலே இருக்கும் பாரம் அச்சுக்குப் பின்னால் கொஞ்சம் சாயும், முன்பாரம் குறையும். குறைவதும் சொற்பம்தான், இதே எடையில், இதே சாய்வில் ஏழெட்டுக் கிலோ தேறலாம். தனித்தனிப் பட்டை கொண்ட இரட்டை அச்சில் கதை தலைகீழ். மூக்கைத் தூக்கும்போது பின் பட்டை எதிர்த்துத் தள்ளுகிறது, அந்த எதிர்ப்பைக் குண்டு சுமக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தராசில் ஒவ்வொரு செ.மீ. உயர்வுக்கும் இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறியது. அப்படியானால் குண்டு தாழ்வாக இருந்தால்? முன் அச்சு நசுங்கும், முன்பாரம் குறையும், டிரெய்லர் ஆடத் தயாராக இருக்கும். இரட்டை அச்சு வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஒற்றை அச்சுக்காரர் சொல்லும் அனுபவம் இவர்களுக்குப் பொருந்தாது.

இப்போது ஐப்பசிப் பயணத்தைத் திரும்பப் பார்க்கலாம். குண்டில் 114 கிலோ. காருக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஏறும் பாரம் என்பதால் பின் சக்கரங்களுக்கு 114-ஐவிட அதிகமாகவே போகும், முன் சக்கரங்களில் கொஞ்சம் குறையும். இந்தக் காரின் பின் அச்சிலிருந்து குண்டு 1.1 மீட்டர் பின்னால், அச்சுக்கு அச்சு 2.7 மீட்டர். பின் சக்கரங்களில் 160 கிலோ கூடி, முன் சக்கரங்களிலிருந்து 46 கிலோ கழன்றிருக்கிறது. ஸ்டியரிங் லேசானதும் ஹெட்லைட் வானம் பார்த்ததும் அதனால்தான். டோ பார் தகட்டில் பொறித்திருக்கும் வரம்பு 100 கிலோ, அதையும் தாண்டிவிட்டது.

டயர்கள் 145/80 அளவு, 12 அங்குல ரிம். பக்கவாட்டில் 74 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 375 கிலோ, அச்சுக்கு 750. பின் அச்சில் 720 என்றால் வரம்புக்குள் என்று தோன்றும். ஆனால் அந்த 375 முழுக் காற்று நிரப்பிய டயருக்கு. இவர் 26 பிஎஸ்ஐ வைத்து ஓட்டியிருக்கிறார். குறைந்த காற்றில் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். கொப்புளம் வந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு அந்த வைத்தியம். படகைப் பின்னால் தள்ளியதும் குண்டில் 46 ஆனது, காரின் பின்பக்கம் நிமிர்ந்தது, எல்லோருக்கும் திருப்தி. அந்த நிமிர்வில் குண்டு இன்னும் ஒரு செ.மீ. உயர்ந்தது. பின் அச்சோ 765-க்குப் போய் 750 என்ற வரம்பைக் கடந்துவிட்டது. மொத்த எடையில் முன்பாரம் 4 சதவீதம்கூட இல்லை. பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் வைக்கச் சொல்வார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. எந்தக் கணக்கிலும் இது தேறாது. அந்த 46-உம் சாய்வு கொடுத்த கடன். சாய்வை எடுத்துவிட்டால் உண்மையில் இருந்தது 14 கிலோ. பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், நுகம் கழுத்தில் உட்காராமல் மிதக்கும்போது வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

வைத்தியம் சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறிகுறியைச் சரியாகத்தான் படித்தார்: முன்பாரம் அதிகமாகத்தான் இருந்தது. எதனால் அதிகம் என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். படகு முன்னால் இருக்கலாம், குண்டு உயரமாக இருக்கலாம். டேப் வைத்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. பின் டயர் மட்டும் சூடானது இரண்டாவது காரணத்தைக் காட்டிய தடயம். படகு முன்னால் இருந்ததுதான் காரணம் என்றால் பின் அச்சு மட்டும் தனியாகத் தவித்திருக்காது.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாததற்குக் காரணம், அங்கே இரண்டு பக்கத்துக்கும் உயரம் விதியாகவே இருக்கிறது. பாரம் ஏற்றிய காரில் குண்டின் நடு 35 முதல் 42 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டிரெய்லரின் கப்ளர் 43, கூட்டியோ குறைத்தோ மூன்றரை செ.மீ. மேட்டுநில வண்டிகளுக்கு மட்டும் காரின் விதியில் விலக்கு உண்டு. யாருடைய டிரெய்லரை யாருடைய காரில் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. இங்கே ஒவ்வொரு டிரெய்லரும் ஒரு பட்டறையில், ஒரு குறிப்பிட்ட வண்டிக்காகப் பிறக்கிறது. அது கைமாறும்போது அந்த உயரமும் கூடவே வருகிறது. விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இந்த நிகழ்வில் யாரையாவது பொறுப்பாக்க வேண்டுமென்றால், அந்தக் கைமாறுதலைத்தான் சொல்வேன்.

சரிசெய்தது

மூன்று வழி இருந்தது. டிரெய்லரை உயர்த்தலாம்: அச்சுகள் இப்போது பட்டைக்கு மேலே இருக்கின்றன, கீழே மாற்றினால் சட்டம் கிட்டத்தட்ட தேவையான அளவு உயரும். ஆனால் படகும் கூடவே உயரும். காற்றுக்கு இன்னும் கொஞ்சம் முகம் காட்டும், தண்ணீரில் இறக்கும்போது இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும். இந்தக் கரையோ ஆழமில்லாத கரை, வடகடல் பக்கம் முழங்கால் தண்ணீரே வெகுதூரம் போகும். அதனால் வேண்டாம் என்றேன். கப்ளரை ஏர்க்காலின், அதாவது டிரெய்லரின் முன்னால் நீளும் கம்பியின், மேற்புறம் தூக்கிப் பொருத்தலாம், ஆனால் அதில் நான்கைந்து செ.மீ.தான் கிடைக்கும். மீதமிருந்தது காரின் குண்டை இறக்குவது.

12 மி.மீ. கனத் தகட்டில் செங்குத்தான பிளேட் ஒன்றை வெட்டி, இரண்டிரண்டு துளையாகப் பல உயரத்தில் துளை போட்டோம். குண்டு எந்தத் துளையில் வேண்டுமானாலும் உட்காரும். 16 மி.மீ. போல்ட், 8.8 தரம், தலையில் அந்த எண் பொறித்தது. டார்க் ரென்ச்சில் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினோம். குண்டைக் கீழே இறக்க இறக்க, இழுக்கும்போதும் பிரேக் போடும்போதும் சேஸிஸில் விழும் நெம்பு அதிகமாகும். அதனால் பின்புறம் முக்கோண முட்டு இரண்டு வைத்து, பழைய டோ பாரின் பிடிப்புகளையும் பிரித்துப் பார்த்தோம். உப்புக்காற்றில் ஒரு போல்ட்டின் கழுத்து அரித்துப் பாதியாகியிருந்தது. இதை முன்பே பார்த்திருக்க வேண்டும். நேராக வெல்டிங் அடித்துவிடலாமே என்று கேட்டார்கள். குண்டின் தண்டில் வெல்டிங் வைக்கக் கூடாது, சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். தவிர, இந்தக் கரையில் எதையும் கழற்றிப் பார்க்க முடிய வேண்டும்.

குண்டைக் கழற்றியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கப்ளரில் 50 என்று முத்திரை, குண்டோ 2 அங்குலம். 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. இந்த முக்கால் மில்லிமீட்டரால் கப்ளரின் பூட்டு முழுதாக இறங்காமல், கைப்பிடி ஒரு நூல் தூக்கியே நின்றிருக்கிறது. மூட வேண்டும் என்பதற்காகச் சுத்தியால் தட்டிய தழும்பும் இருந்தது. 50 மி.மீ. குண்டு வாங்கிப் போட்டதும் பூட்டு டக்கென்று விழுந்தது.

வின்ச் தூண் பழைய இடத்துக்கே திரும்பியது. டயர் நான்கையும் புதிதாக மாற்றி, டயரில் அச்சடித்த உச்ச அளவுக்குள், முழுப் பாரத்துக்கு உரிய காற்றை நிரப்பினோம். பாரம் ஏற்றி அளந்தால் குண்டு 43. சட்டத்தின் முன்னும் பின்னும் ஒரே அளவு. எடைகளை மேலே சொல்லிவிட்டேன்.

தாழ்ந்த பிளேட் மணலில் இடிக்காதா என்று கேட்டார். இடிக்கும். சாலையிலிருந்து கரை வரை சரி, கடைசி நூறடி மணலில் இவர் எப்படியும் டிராக்டரைத்தான் கூப்பிடுகிறார். டிராக்டரின் கொக்கி உயரம் வேறுதான், ஆனால் நடை வேகத்தில் நூறடிக்கு அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

பிறகு

அன்று மாலையே பாம்பன் பாலத்தைத் தாண்டினோம். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே போனேன். பாலத்தின் மேட்டில் கச்சான் பக்கவாட்டில் அறைந்தது. எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து, பின்னாலேயே இன்னொன்று. படகு ஒருமுறை அசைந்து தானாகவே அடங்கியது. 40-இல் போனோம், இறக்கத்தில் மூன்றாவது கியரிலேயே விட்டார். தங்கச்சிமடத்தில் இறங்கி நான்கு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் அண்ணன். முன்னது எவ்வளவு சூடோ பின்னதும் அவ்வளவே. மூன்று முறை சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்.

ஈக்வலைசர் இன்னும் போடவில்லை. போட்டால் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் வந்தாலும் அச்சுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும், பள்ளம் மேட்டிலும் ஒரே சக்கரம் அடி வாங்காது. சட்டத்தில் பட்டைத் தாங்கிகளை இடம் மாற்றி வெல்டிங் செய்ய வேண்டிய வேலை அது, படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் செய்ய முடியும். ஐப்பசிக்கு முன்னால் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏர்க்காலில் வெள்ளைப் பெயிண்டால் 43 என்று எழுதி வைத்திருக்கிறார். ஈக்வலைசர் போட்டால் சட்டத்தின் உயரம் மாறும், படகை ஏற்றி மறுபடி அளந்து அந்த எண்ணையும் மாற்றி எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். "அப்ப பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கிட்டே வர்றேன்" என்றார்.